பக்தார்ன் பட்டை மாத்திரையை அப்பாவுக்குக் கொடுப்பதற்கு முன் விசாரித்த கதை

அப்பாவின் மலச்சிக்கலைப் பற்றிக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்தபோது பக்தார்ன் மாத்திரைப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். குடலைச் சுத்தமாக்கும் இயற்கை மூலிகை என்று அதன் முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். இதய நோய்க்காக டிகாக்சினும், உடலில் நீர் சேராமல் இருக்க ஃப்ரூஸமைடும் உட்கொள்பவருக்கு இயற்கை என்ற ஒரு சொல் போதாது என்பதால், கொடுப்பதற்கு முன் விசாரித்துவிடுவது என முடிவு செய்தேன்.

முதலில் பார்த்தது தாவரப் பெயரை. இமயமலைப் பகுதிகளில் பழச்சாறாகவும் எண்ணெயாகவும் விற்கப்படும் கடல் பக்தார்ன், பெயர் ஒத்திருந்தாலும் வேறு குடும்பத்துச் செடி. புட்டியில் இருந்ததோ ராம்னஸ் பர்ஷியானா, அதாவது வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் வளரும் காஸ்கரா மரத்தின் பட்டை. பச்சைப் பட்டை வாந்தியையும் கடும் வயிற்றுவலியையும் உண்டாக்கும் என்பதால் அதை ஓராண்டாவது உலர வைத்தோ, சூடாக்கியோதான் மருந்தாக்குகிறார்கள்.

பலதுறை மருந்தகத்து மருந்தாளரிடம் புட்டியையும் அப்பாவின் மருந்துப் பட்டியலையும் காட்டியபோது, அவர் மிகப் பொறுமையாக விளக்கினார். நம் நிலாவாரையில் உள்ள, மலத்தை இளக்கும் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்கள்தாம் இந்தப் பட்டையிலும் உள்ளன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிதைக்கப்பட்டு, குடலைத் தூண்டி, நீர் உறிஞ்சப்படுவதையும் குறைப்பதால், இரவில் விழுங்கினால் காலையில் பலன் தெரியும். பலன் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஓரிரு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் என்றும், ஃப்ரூஸமைடும் அதையே செய்வதால் இழப்பு இரட்டிப்பாகும் என்றும், பொட்டாசியம் குறைந்த உடலில் டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நச்சாகி இதயத் துடிப்பைக் குலைக்கலாம் என்றும் கூறினார். அப்பா தொண்டைக்காக அதிமதுரம் மெல்லும் பழக்கத்தையும் அவர்தாம் கேட்டறிந்து, அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று நிறுத்தச் சொன்னார். மருந்துப் பட்டியலில் வராத அந்த வேர்த்துண்டைப் பற்றி வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேடியதில் மேலும் சில செய்திகள் கிடைத்தன. காஸ்கராவின் பாதுகாப்புக்குப் போதிய சான்றுகள் தரப்படாததால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002ஆம் ஆண்டில் அதை மருந்துச்சீட்டில்லா மலமிளக்கிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் துணைச்சத்துப் பொருளாக அது அங்கே இன்றும் விற்கப்படுகிறது. நாங்கள் இருக்கும் சிங்கப்பூரிலும் துணைச்சத்துப் பொருள்களை விற்க, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்றை யாரோ சோதித்து ஒப்புதல் அளித்திருப்பதாக நினைத்துக்கொள்ள முடியாது.

மலச்சிக்கலுக்குக் காரணம் இருந்தது வேறு இடத்தில். அடுத்த சந்திப்பில் மருத்துவர், அப்பா உட்கொண்ட இரும்புச்சத்து மாத்திரையைச் சந்தேகித்து, அதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். நிலைமை மெல்லச் சீரடைந்தது.

பிரிக்காத புட்டியை உறவினரிடம் திருப்பிக் கொடுத்தபோது, அவரும் இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை உட்கொள்பவர் என்பது தெரியவந்ததால், மருந்தாளர் சொன்ன அனைத்தையும் அவரிடம் ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று.