எந்தப் பக்கம்?

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் எதிர் சீட்டில் இருந்த அக்கா.

நெல்லை ஜங்ஷனில் இருந்து செங்கோட்டை பாசஞ்சர் கிளம்பி, பேட்டை தாண்டி வயல்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். "அம்பாசமுத்திரத்தில் இறங்கி பாபநாசம் போறேன்க்கா" என்றேன்.

"ஊரைக் கேக்கல தாயி." முந்தானைக்கு மேலே விரல் வைத்துக் காட்டினார். ஜங்ஷனில் ஏறியதில் இருந்தே என் இடது கை உறையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இடது."

"எனக்கு வலது. ஏழு வருசம் ஆச்சு."

புற்றுநோய்க்காக மார்பகத்தோடு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டால் கையில் நீர் வடிய வழி குறைந்துவிடும், கை வீங்கும். அதற்குத்தான் மணிக்கட்டில் இருந்து மேல்கை வரை இறுக்கமான உறை. மூன்று வருடமாகப் போடுகிறேன். வெயிலுக்கா, தீக்காயமா, சுளுக்கா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்களோ அந்தப் பேச்சு வந்தாலே குரலைத் தாழ்த்தி "அந்த நோய்" என்பார்கள். இப்படி நேராக, ஊர் பேர் கேட்கிற மாதிரி கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அழ நேரம் இல்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"எத்தன ஊசி?"

"நாலு சிவப்பு, பன்னிரண்டு வெள்ளை." கீமோ மருந்துகளை நாங்கள் நிறம் வைத்துத்தான் சொல்வோம்.

"எனக்கும் அதேதான். மொத ஊசி போட்டு ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போவுது. ரத்தம்னு நெனச்சு கக்கூஸ்லயே உக்காந்து அழுதுட்டேன். மருந்தோட நெறம்தான்னு பொறவுதான் நர்சம்மா சொன்னாவ."

நானும் அழுதிருக்கிறேன். அதே காரணத்துக்கு.

எனக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய இடம் அது. அக்காவுக்குத் திருவனந்தபுரம். இந்தப் பக்கத்துக்காரர்கள் நிறைய பேர் அங்கே உள்ள ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் போகிறார்கள், கிட்டக்க. அங்கே கொடுக்கிற சலுகைப் படிவத்தைக் காட்டினால் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு டிக்கெட் காசே இல்லை, துணைக்கு வருகிறவருக்கு முக்கால்வாசித் தள்ளுபடி. முதல் நாலு தடவை இது தெரியாமல் முழுக்காசு கொடுத்துப் போனாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் ஆற்றாமை. நியாயம்தான். வைத்தியச் செலவில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு.

கல்லிடைக்குறிச்சியில் அவருக்கு அப்பளத் தொழில். வெள்ளை மருந்து முடிந்தபோது விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. அப்பளம் இடுகிறவருக்குக் கண்ணைவிட விரல் முக்கியம், உருண்டை விரிந்து போதுமான அளவுக்கு மெலிந்துவிட்டதை விரல்தான் சொல்லும். எட்டு மாதம் விரல் எதுவும் சொல்லவில்லை. "ஒவ்வொண்ணா எடுத்து பல்புக்கு நேரா பிடிச்சுப் பாப்பேன். வெளிச்சம் ஒரே சீரா தெரிஞ்சா சரி" என்று கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

வாய்ப்புண் வந்த நாட்களில் அவருக்கு இறங்கியது மிளகாய் இஞ்சி இல்லாத சொதியும் குழைந்த சோறும். எனக்கு ஆறிப்போன தயிர் சாதம். இப்படியே பேசிக்கொண்டு வந்ததில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி எல்லாம் எப்போது போயின என்றே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தவள், பொதிகை மலையைப் பார்க்கவே இல்லை.

வீரவநல்லூர் தாண்டியதும் அருகில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "உள்ள என்னத்த வச்சிருக்க?"

கடையில் வாங்கிய சிலிக்கோன் மார்பு. விலையும் அதிகம், வெயிலில் வியர்த்து ஒட்டும் என்றேன்.

"அது வேண்டாம். பழைய நூல் சேலைல பை தைச்சு இலவம்பஞ்சு வை. வெறும் பஞ்சுன்னா கனம் இல்லாம மேல மேல ஏறும். அதனால அடியில தனியா ஒரு சின்னப் பை, அதுல ஒரு பிடி கடுகு. மத்த பக்கத்து கனத்துக்கு சரியா நிக்கும். தோளும் ஒரு பக்கமா இழுக்காது."

கடுகு! சமையலறையில் இருந்ததை எடுத்துச் சரிசெய்துகொண்ட அந்தப் புத்திக்குக் கும்பிடு போடலாம்.

கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டது. இறங்கும்போது என் வலது கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். இடது கையைத் தொடவில்லை, கவனித்தேன். பேர் கேட்க மறந்துவிட்டோம், இரண்டு பேருமே. வண்டி நகர்ந்ததும் பாலம், கீழே தாமிரபரணி.

பாபநாசத்தில் படித்துறைக்குப் போகும் முன் டீ குடிக்க நின்றேன். பெஞ்சில் ஒரு பெரியவர் டீயை ஆற வைத்துவிட்டு, நூலால் கட்டிய ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவில் செருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். வாயில் புற்று வந்து கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தவர்களுக்குத் தாடை இறுகிவிடும், குச்சியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கூட்டித்தான் திறக்க வைப்பார்கள். அடையாறு வராந்தாவில் பார்த்திருக்கிறேன். போய் உட்கார்ந்து கேட்டேன்:

"எத்தனை குச்சி ஐயா?"

குச்சிகளை எடுத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் விரித்து, மேலும் மூன்று விரல் காட்டினார். பதிமூன்று. "ஆரம்பத்துல அஞ்சுதான் போச்சு" என்றார் அவர் மனைவி, பெருமையாக. "வெத்தல பாக்குதான், பொயல கூட போட மாட்டாவ" என்றும் சொன்னார். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வெளியிட்டுவிட்டது. நம் வீட்டு விசேஷம் எதிலும் தாம்பூலத் தட்டில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. வருத்தமாக இருக்கிறது.

பெரியவர் டீயைச் சிந்தாமல் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பொது இடத்தில் நான் குளித்ததே இல்லை, ஈரத்துணி ஒட்டினால் தெரியுமே என்று. அன்று சிலிக்கோனைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. மீன்கள் காலைக் கடித்தன. பக்கத்தில் குளித்த பெண் என்னைப் பார்த்தாள், சோப்பு இருக்கிறதா என்று கேட்டாள், கொடுத்தேன்.

சென்னை திரும்பி அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் பை தைத்தேன். முதலில் கடுகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒரு கரண்டி எடுத்துத் தாளிப்புக்குப் போட்டேன், இப்போது சரியாக நிற்கிறது.