ரன் என்றால் ஓடுவதா, ஓட்டுவதா?

மென்பொருள் மொழிபெயர்ப்பில் வேலை முழு வாக்கியமாக வராது. எக்செல் கோப்பில் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்தில் 'ரன்' என்று மட்டும் இருக்கும். அது அழுத்துகிற பொத்தானா, திரையில் நிலவரம் சொல்லும் வரியா, யாருக்குத் தெரியும்? பொத்தான் என்றால் 'இயக்கு', நிலவரம் என்றால் 'இயங்குகிறது'. 'க்' இருக்கிற இடத்தில் 'ங்' வந்தால் வேலையைச் செய்கிற ஆளே மாறிவிடுகிறார். வாடிக்கையாளரிடம் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன்தான். ஆதியில் அப்படி இல்லை. தானே ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு இன்னொன்று. ஆங்கிலத்துக்கு உறவான, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ரின்னா, ரென்னா. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. உட்காருவதற்கு சிட், உட்காரவைப்பதற்கு செட் என்பது போன்ற சில ஜோடிகள்தான் பிழைத்தன. பழைய வினைக்கு நீர் வழிவது என்ற பொருளும் உண்டு. ஜெர்மானியர்களின் 'ரின்னன்' இன்றும் வழிவதைத்தான் குறிக்கிறது. மருந்துத் தாளில் 'ரன்னிங் நோஸ்' வந்தால் மூக்கை ஓடவிடாமல் ஒழுகவிடுவது அதனால் ரொம்பச் சரி.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 430 பொருள்களோடு செட்தான் முதலிடத்தில் இருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் ரன் 645 பொருள்களோடு அதை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். ரயில், ஆலை, மோட்டார், கணினி என்று வந்த இயந்திரமெல்லாம் ரன்னையே பிடித்துக்கொண்டால் வேறென்ன ஆகும்! எனக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா. ரன்னுக்கும் அதே கூலி, 'அண்ட்'டுக்கும் அதே கூலி.

கம்பெனியை அவர்கள் 'ரன்' செய்கிறார்கள், நாம் நடத்துகிறோம், அதாவது நடக்கவைக்கிறோம். நம்மூரில் ஒருவர் "ஏதோ கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றால் வியாபாரம் சரியில்லை என்று அர்த்தம். அகராதியை மட்டும் பார்த்து 'ஓட்டு' என்று போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

தொழிற்சாலைக் கையேடு ஒன்றில் 'ட்ரையல் ரன்' வந்தபோது வெள்ளோட்டம் என்று எழுதினேன். புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதற்கு நாம் சொல்வது. இதைவிடக் கச்சிதமான சொல் கிடையாது. வாடிக்கையாளர் தரப்பில் சரிபார்த்தவர் அதை 'சோதனை ஓட்டம்' ஆக்கிவிட்டார். வெள்ளம் என்று நினைத்தாரோ என்னவோ. தப்பென்று சொல்ல முடியாது, சப்பென்று இருக்கிறது.

இப்போது முதல் வரைவை இயந்திரமே போட்டுத் தந்துவிடுகிறது. திருத்துவதுதான் என் வேலை, கூலியும் குறைந்துவிட்டது. அண்மையில், ஒத்திகை என்று பொருள்படும் 'டிரை ரன்'னுக்கு நேரே 'உலர் ஓட்டம்' என்று இருந்தது. அழித்துவிட்டு வெள்ளோட்டம் என்றே மறுபடி போட்டிருக்கிறேன். சரிபார்ப்பவர் வேறு ஆளாக இருந்தால் தப்பிக்கும்.