கட்டியும் தீராத பாக்கி

"உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு டிஃபால்ட் இருக்கிறதே" என்றார் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து தரும் மார்ட்கேஜ் புரோக்கர். கிரெடிட் ரிப்போர்ட் என்பது நம் கடன் வரலாறு; டிஃபால்ட் என்பது பாக்கியைக் கட்டத் தவறியதாக அதில் ஏறும் பதிவு. இங்கிலாந்தில், லெஸ்டரில் சின்னதாக ஒரு வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டு போயிருந்தோம். என்னவென்று பார்த்தால், வந்த புதிதில் இருந்த வாடகை வீட்டின் பிராட்பேண்ட் பாக்கி. வீடு மாறும்போதே புது முகவரியை எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. கடைசி பில்லை மட்டும் பழைய வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வார மளிகைச் செலவுகூட வராத தொகை. அன்றைக்கே கட்டினோம்.

கட்டினாலும் போகாதாம். டிஃபால்ட் பதிவான நாளிலிருந்து ஆறு வருஷம் ரிப்போர்ட்டில் நிற்கும். பக்கத்தில் 'கட்டியாயிற்று' என்று ஒரு குறிப்பு சேரும், அவ்வளவுதான். அது இருக்கும்வரை சில வங்கிகள் விண்ணப்பத்தையே எடுக்காது, மற்றவை கூடுதல் முன்பணமும் கூடுதல் வட்டியும் கேட்கும். பழசாக ஆக அதன் கனம் குறையும் என்றார் புரோக்கர். விஷயம் கோர்ட் தீர்ப்புவரை போயிருந்தால் இன்னும் மோசம். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால்தான் அது பதிவேட்டிலிருந்து நீங்கும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கட்டின காசுக்கு ஆறு வருஷமா? அந்தக் கம்பெனிக்காரன் நம்பரைக் குடு, நான் பேசறேன்" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கு ஆறாதது வேறு. ஊரில் ஒழுங்காகக் கட்டியது எதுவும் இங்கே செல்லாது. இந்தியாவின் சிபில் கிரெடிட் ஸ்கோர் கடல் தாண்டி வராது. கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் சிட்டியில் (சீட்டில்) அப்பா தவணை தவறாமல் கட்டியதெல்லாம் இங்கே யாருக்குத் தெரியும்? பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும். ஆழியாற்றுத் தண்ணீர் சரியாக வராமல் நெல் கருகிய வருஷம், பற்று நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பிவிட்டது. "அடுத்த அறுப்புக்குப் பாத்துக்கலாம், அரிசி எடுத்துட்டுப் போங்க" என்றார். அறுப்பு முடிந்து அப்பா கணக்கைத் தீர்த்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இங்கேயும் நாங்கள் வேரூன்றிவிட்டோம்தான். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயிற்று, அது ரிப்போர்ட்டுக்கும் நல்லது. இன்னொரு வழியும் உண்டு: நம் தரப்பு விளக்கத்தை 200 சொல்லுக்குள் எழுதி ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லலாம். ராத்திரி அதை எழுத உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் மளிகைக்கடைக்காரரைப் பற்றியே இருந்தது. அடித்துவிட்டு, முகவரி மாற்றிய தேதியோடு திரும்ப எழுதினேன்.

அந்த மின்னஞ்சலை வைத்து நிறுவனத்துக்கும் புகார் போட்டிருக்கிறோம். தவறு அவர்களுடையது என்று ஒத்துக்கொண்டால் பதிவை அவர்களே நீக்கிவிடலாம். பதில் வரும்வரை வேறு எந்த வங்கியிலும் விண்ணப்பிக்க வேண்டாம் என்றிருக்கிறார் புரோக்கர். ஒவ்வொரு முழு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஏறுமாம்.