பின்னக் கணக்கில் மீதியைப் பிடிப்பது எப்படி?

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் பின்னத்தில் புள்ளி போவது பெருக்கத் தெரியாததால் அல்ல. எதனுடைய பின்னம் என்று பாராமல் பென்சிலை ஓட்டுவதால்தான்.

ஒரு கணக்கு. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர் சம்பளத்தின் 2/5ஐ வாடகைக்குக் கொடுக்கிறார். மீதியின் 3/4 சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. கையில் மிஞ்சுவது ரூ. 12 000. சம்பளம் எவ்வளவு?

வாடகை போக மீதி: 1 − 2/5 = 3/5. இந்த வரியை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகவே கூடாது.
சாப்பாடும் பஸ்ஸும்: 3/5 × 3/4 = 9/20.
எஞ்சியது: 3/5 − 9/20 = 12/20 − 9/20 = 3/20.
3/20 பங்கு ரூ. 12 000 என்றால் 1/20 பங்கு ரூ. 4 000. முழுச் சம்பளம் 20 × 4 000 = ரூ. 80 000.

மீதியில் 3/4 போனால் 1/4 தானே இருக்கும்? ஆகவே 3/5 × 1/4 = 3/20 என்று நேரேயும் வரலாம். ஆனால் சாப்பாட்டுச் செலவையும் தனியே கேட்டிருந்தால் நீண்ட வழிதான் கைகொடுக்கும். சரிபார்க்க: 32 000 + 36 000 + 12 000 = 80 000.

வழமையான பிழை 2/5 + 3/4 என்று கூட்டுவது. இங்கே 23/20 வரும். சம்பளத்தைவிடச் செலவு கூடிவிட்டதால் பிழை தானே காட்டிக்கொடுக்கும். ஆபத்து, பின்னங்கள் சிறியவையாக இருக்கும்போது. வாடகை 1/4, மீதியின் 1/3 சாப்பாடு, எஞ்சியது ரூ. 30 000 என்று வையுங்கள். கூட்டினால் 7/12, எஞ்சுவது 5/12, சம்பளம் ரூ. 72 000. அழகான முழு எண், ஒருவருக்கும் சந்தேகம் வராது. சரியான வழி 3/4 × 2/3 = 1/2; சம்பளம் ரூ. 60 000.

இன்னொன்று, கடைசியில் 12 000ஐ 3/20ஆல் பெருக்கி ரூ. 1 800 என்று எழுதுவது. மிஞ்சிய காசைவிடச் சம்பளம் குறையுமா?

சுருக்கும் கணக்குகளில் ‘இன்’ வந்தால் (‘மீதியின் 3/4’ போல, பெருக்கல்தான்), வகுத்தலுக்கு முன் அதைச் செய்ய வேண்டும். 3/4 ÷ 1/2 இன் 3/5 என்பதில் முதலில் 1/2 × 3/5 = 3/10; பிறகு 3/4 × 10/3 = 2 1/2. இடமிருந்து வலமாகப் போனால் 9/10 வரும், அது பிழை.

கழிவுக் கணக்கிலும் இதே பொறிதான். புறக்கோட்டையில் ரூ. 5 000 சேலைக்கு 20% கழிவு, அதன்மேல் இன்னும் 10% என்றால் 30% என்று கூட்டாதீர்கள். இரண்டாவது 10% கணிக்கப்படுவது ரூ. 4 000இல். கட்ட வேண்டியது ரூ. 3 600, மொத்தக் கழிவு 28%.