கொரோகொரோவும் கொரோகொரோவும்

தலைப்பில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. ஜப்பானிய மொழியில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவதை 'கல்' என்பதில் வரும் க போலச் சொன்னால் கூழாங்கல் உருள்கிறது. இரண்டாவதை 'தங்கம்' என்பதில் வரும் க போலச் சொன்னால் பாறாங்கல் உருள்கிறது, இடியும் இடிக்கிறது. கிராகிராவும் இப்படித்தான்: ஒன்று நட்சத்திர மினுமினுப்பு, இன்னொன்று கண்ணைக் கூச வைக்கும் நம் சிங்கப்பூர் மத்தியான வெயில். ஒலி அழுத்தமானால் பொருளும் கனத்துவிடுகிறது, ஆனால் தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே எழுத்து. ஜப்பானியர்களின் ஹிரகானா எழுத்து முறையில் எழுத்தின் மேல் இரண்டு சின்னக் கோடு போட்டால் வேலை முடிந்தது. அதனால் வேலை முடிந்து மாலை ஜப்பானிய வகுப்புக்கு வரும் தமிழர்களுக்கு நான் சொல்வது, இவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள்.

மற்றபடி இந்த ஒலிக்குறிப்புச் சொற்கள் நமக்குச் சொந்த வீடு மாதிரி. 4500 ஒலிக்குறிப்புச் சொற்களுக்கென்றே அங்கே ஓர் அகராதி 2007-இல் வந்திருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் அதைப் பார்த்து மலைப்பார்கள், இரட்டைக்கிளவியோடு வளர்ந்தவர்களுக்கு என்ன மலைப்பு? நமக்குக் கண்ணீர் பொலபொல, அவர்களுக்குப் பொரோபொரோ. நமக்குப் படபட ஒரே தடவை நடந்தால் பட்டென்று. அவர்களுக்குப் பிகாபிகா ஒரே தடவை மின்னினால் பிகாத்தோ. டாக்டரிடம் விண்விண்ணென்று தெறிக்கிறது என்பதற்கு சுகிசுகி, சுருக்சுருக்கென்று குத்துகிறது என்பதற்கு சிகுசிகு. (பாலிகிளினிக்கில் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலிக்கு மதிப்பெண் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.) நிசப்தத்துக்குக்கூட ஷீன் என்று ஓர் ஓசை வைத்திருக்கிறார்கள், மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகள் படிப்பவர்களுக்குத் தெரியும். சரி, நம்மிடம் கப்சிப் இருக்கிறது.

அளவு என்று வரும்போதுதான் வழி பிரிகிறது. நாம் பொருளைக் காட்டுவோம்: கடுகளவு, மலையளவு, வண்டி வண்டியாக. அவர்கள் அதையும் ஓசையாலேயே சொல்கிறார்கள். சாக்கே என்னும் அரிசி மதுவைச் சொட்டுச் சொட்டாக ரசித்துக் குடித்தால் சிபிசிபி, தாராளமாக இருந்தால் தப்புரி, மூட்டையைத் தொப்பென்று இறக்கியது போலக் குவிந்து கிடந்தால் தொஸ்ஸாரி, காலையில் எம்ஆர்டி ரயிலுக்குள் மூச்சுமுட்ட நசுங்கினால் க்யூக்யூ, இதிலும் தங்கத்தின் க. ஆர்ச்சர்டில் 2017-இல் திறந்த டோன் டோன் டோங்கி கடைப் பெயரில் வரும் டோன்டோன் மேளச் சத்தம் மட்டுமல்ல, மேலும் மேலும், மளமளவென்று என்றும் பொருள்படும். கூடையோடு உள்ளே போய்ப் பாருங்கள், பில்லும் டோன்டோன்தான்.