பொய்யாக இருந்தால் என்ன?

"பாருங்க தம்பி, என்ன பேச்சு பேசுறான்னு!"

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தே (தேநீர்) வாங்க நின்றபோது பக்கத்து மேசை அண்ணன் கைப்பேசியை நீட்டினார். ஏதோ தமிழ்நாட்டு அரசியல்வாதி. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

"அண்ணே, இது ஏஐ-யில செஞ்சது."

உற்றுப் பார்த்தார். "பொய்தான் போல. ஆனா அவன் இப்படிப் பேசக்கூடிய ஆளுதானே?"

சொல்லிவிட்டு அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்!

இங்கே 2019-இல், இணையத்தில் பரவும் பொய்த் தகவல்களைத் தடுக்க பொஃப்மா சட்டம் வந்தது. 2024-இல், தேர்தல் நேரத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலி வீடியோக்களுக்கும் தடை வந்தது. (பொஃப்மாவில் எது பொய் என்று முதலில் அமைச்சரே சொல்வதில் எனக்கு நெருடல் உண்டு. சரி, அது தனிக்கதை.)

இதெல்லாம் ஏமாறுகிறவர்களுக்கான மருந்து. அண்ணன் ஏமாறவே இல்லையே. அவருக்கு அந்த ஆளைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2020 தேர்தல் முடிவை எதிர்த்த வழக்குகள் நீதிமன்றம் நீதிமன்றமாகத் தோற்றன. அப்புறமும் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது.

அவர்களுக்குத் தீர்ப்புகள் தெரியாமலா இருந்திருக்கும்?