அந்தப் பெயரில் பதிவு இல்லை

நான் சொன்னது பொய் இல்லை. மூன்று மாதமாக இதை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அதுக்கப்புறம் அந்தப் பெயரில் எந்தப் பதிவும் கிடைக்கவில்லை, மேடம்." இவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பெயரில் கிடைக்கவில்லைதான். வேறு பெயரில் கிடைத்தது.

இங்கிலாந்தில் இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி அவர். ஐந்து தலைமுறைக்கு முந்தைய அவருடைய மூதாதை, கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் பீரங்கிப் படையில் சாதாரண கன்னர், பீரங்கி இயக்கும் கடைநிலைச் சிப்பாய். பதக்கம் இல்லை, பதவி உயர்வு இல்லை, கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்படிப்பட்ட ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி உண்டு. வீரதீரச் செயல் செய்தவர்களுக்குக் கல்வெட்டு இருக்கும், சும்மா வந்துவிடும். இவர்களைப் பிடிக்க சர்ச் பதிவேடுதான் கதி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டி மூதாதையரைத் தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

1831இல் பரங்கிமலையில் கல்யாணம். மூன்று பிள்ளைகள், அதில் ஒன்று பதினோரு மாதத்தில் அடக்கப் பதிவேட்டுக்குப் போய்விட்டது. 1838 ஜூனில் அவரும் போனார், வாந்திபேதி. முப்பத்தேழாவது நாள் அதே பரங்கிமலையில் ஒரு திருமணம். மணமகள் நிலை: விதவை. மணமகன் அதே படைப்பிரிவில் இன்னொரு கன்னர். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவள் போட்ட கீறல். அதுவும் நகல்தான், அவள் கை பட்ட கோடு அல்ல, எவனோ ஒரு எழுத்தர் பார்த்துப் போட்டது.

முப்பத்தேழு என்று எண்ணியதும் என் மனசு போட்ட கணக்கை மறைக்க விரும்பவில்லை. காரியம் முடிந்து மூன்றே வாரம்தானே ஆகிறது என்றுதான் போட்டது. அவள் கிறிஸ்தவச்சி, அவளுக்கு ஏது பதினாறாம் நாள்?

வீடியோ அழைப்பில் அந்தப் பெண்மணி முதலிலேயே சொல்லிவிட்டார், அந்தப் பாட்டியைப் பற்றி அவர்கள் வீட்டில் ஒரே ஒரு கதைதான் தங்கியிருக்கிறது என்று. கணவன் போனபின் வேறொருவரை ஏறெடுத்தும் பார்க்காமல் பிள்ளைகளை வளர்த்தாளாம். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்தது எங்கள் சின்னப் பாட்டியைப் பற்றி ஊரில் சொல்லும் வாக்கியம். பிறகு கேட்டார்: "கடைசிவரை தனியாகவே இருந்தாளா?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். மூத்த பையன் எழும்பூரில் ராணுவ ஆண் அனாதை விடுதியில் படித்தான் என்று அவர்களிடம் ஒரு தாள் இருந்தது. பிடித்துக்கொண்டேன். 1789இல் ஆன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அங்கே பொறுப்பேற்றதையும், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதையே விடுதிக்குள் கொண்டுவந்ததையும், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்கே போனதையும் சொன்னேன். 1794இல் அந்த விடுதிப் பையன்களை வைத்துத் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியானது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் உண்மை. இவ்வளவு உண்மைகளை ஒரு விஷயத்தை மூடுவதற்காக நான் அதற்கு முன் அடுக்கியதில்லை.

டீம் லீடிடம் சொன்னேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சுல்ல? அவங்க பணம் கட்டினது சோல்ஜர் வரலாற்றுக்கு. அவர் செத்ததோட நம்ம வேலை முடிஞ்சுது" என்றார். சரி என்று பட்டது. இப்போதும் பாதி சரி என்றுதான் படுகிறது. எழுபது வயதில் ஒருவர் ஆசையாக வைத்திருக்கும் கதையைப் பிடுங்குவதில் என்ன தொழில் தர்மம் இருக்கிறது?

அந்தப் பெண்மணியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. பட்டாளத்தில் ஒரு மனைவி என்றால் என்ன என்பதைச் சொல்லியிருக்கலாம். பிரிட்டிஷ் அரசப் படையின் ரெஜிமென்ட் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது நூறு பேருக்குப் பன்னிரண்டு மனைவிகளுக்குத்தான் இடம், அதுவும் சீட்டுக் குலுக்கி. சீட்டு விழாதவள் துறைமுகத்தோடு சரி. இங்கே வந்து சேர்ந்தவளுக்கும், இங்கேயே கட்டிக்கொண்டவளுக்கும் கிடைத்தது பெரும்பாலும் ஆண்கள் படுக்கும் அதே கூடத்தில் ஒரு மூலை, நடுவில் ஒரு திரை. ரேஷன், தங்க இடம் எல்லாம் புருஷன் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. அவன் பெயர் பட்டியலிலிருந்து அடிபட்டால் சில மாதங்களுக்குத்தான் தாக்குப்பிடிக்க முடியும். அதற்குள் அவளை இன்னொருவன் கட்டிக்கொள்வது பாரக்கில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை, சில வாரங்களுக்குள்ளேயே நடந்த கல்யாணங்கள் எத்தனையோ. முப்பத்தேழு நாள் அவள் அவசரம் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு.

இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்மணிக்குப் புரிந்திருக்கும். ஒருவேளை புரிந்திருக்காது.

சின்னப் பாட்டி இருபத்தாறு வயதில் தாலி அறுத்தவர். அவரைப் புகழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வேறு வழி இருந்ததா என்று யாராவது அவரைக் கேட்டார்களா என்று வீட்டில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் வேறு வழி கண்டுபிடித்த ஒருத்தியை மறுபடி விதவையாக்கிவிட்டேன். இப்படி யோசித்தால் தூக்கம் போகிறது. ஆனால் இதுவும் கொஞ்சம் மிகையோ? நான் பார்த்தது நகலில் ஒரு வரி. அவள் விரும்பித்தான் கட்டிக்கொண்டாளா, முதல் கணவன் இருந்தபோதே அந்த ஆளைத் தெரியுமா என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. என் சௌகரியத்துக்கு அவளை இப்போது வீரப்பெண்ணாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் பத்தினியாக்கிக்கொண்டது. இரண்டும் ஒரே வேலைதானோ என்னவோ.

அறிக்கை போய்விட்டது. நன்றி சொல்லி நீண்ட மெயில் வந்தது. வருகிற கோடையில் குடும்பம் மொத்தமும் கூடும்போது அதை வாசிக்கப் போகிறார்களாம்.

போன வாரம் மதிய இடைவேளையில், யாரும் கேட்காமலே, இரண்டாவது கணவனைத் தேடினேன். 1842இல் அடக்கம், மறுபடி பரங்கிமலை. அடுத்த திருமணப் பதிவேடு அதே திரையில் பக்கத்து டேப்பில்தான் இருந்தது. மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.